இரண்டு மணிக் கட்டம்

கொட்பே ஐஸ் ஆலையில்
இரவுப் பொறுப்பை எனக்குத் தந்தபோது
ஒரு சாவிக்கொத்தும் ஒரு விசிலும் தந்தார்கள்.
விசிலை இன்றுவரை ஊதவில்லை.
சாவிகளில் இரண்டு எந்தப் பூட்டுக்கென்று
யாருக்கும் தெரியாது.

பிறகு அந்தப் பதிவேடு.
மணிக்கொரு கட்டம்:
உப்புநீரின் குளிர், கொம்பிரசரின் எண்ணெய் அழுத்தம்,
ஓரத்தில் கையொப்பம்.
சுகிர்தா என்பதில் 'சு'வின் வாலைச் சுழித்து எழுத
வீட்டில் பழகிக்கொண்டு வந்தேன்.

கச்சான் காற்று அனலாய் அடித்த ஆனி மாதத்து இரவு.
இரண்டு மணிக்கு நான் போய்ப் பார்க்கவில்லை.
கதிரையில் இருந்தபடியே
ஒரு மணியின் எண்ணைப் பார்த்து
இரண்டு மணியின் கட்டத்தை நிரப்பினேன்.
எண்பது காலடி தூரம்.
செருப்பைக் கழற்றியிருந்தேன்,
அவ்வளவுதான் காரணம்.
மூன்றுக்குப் போனபோது
ஊசி ஏற்கெனவே விழுந்து கிடந்தது.

விடியலில் அறுபது கட்டிகள்
வெளியே வெள்ளை, தட்டினால் நடுவில் தண்ணீர் குலுங்கியது.
திருக்கடலூர்ப் படகுகள் வரிசையில்.
"அறக்குளா கிடக்குது பிள்ளை, வெயில் ஏறுது."
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது:
"இரவுப் பொடியன் நித்திரை கொண்டிட்டான்."

இல்லை.
வாய் கேட்டது.
நான்தான் சரி என்றேன்.

இஜாஸ், கின்னியாவிலிருந்து வருகிறவன்,
மறுத்தொன்றும் சொல்லவில்லை.
தகரங்களைக் கழுவினான்.
கழுவிய தகரத்தையே மறுபடி கழுவினான்.

அதன்பின் மூன்று நாள்
நான் மிக நல்ல பொறுப்பாளராக இருந்தேன்.
எல்லாருக்கும் முந்தி வணக்கம் சொன்னேன்,
விமலதாசவின் முழங்காலை விசாரித்தேன்,
கூரை ஒழுக்குக்குக் கடிதம் எழுதினேன்.
இஜாஸுக்கு ஒரு நாள் லீவு கூட்டிக் கொடுத்தேன்.
"வேணாம்" என்றான்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகையில்
பஸ் நிலையத்தில் ஒரு கொம்பன் மான்
கச்சான் சுற்றிய தாளைத் தின்றுகொண்டிருந்தது.
யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாள்.
சிவப்பில் பிழை போட்டிருந்தது.
பிழையையும் சேர்த்து மென்று விழுங்கியது.
மானுக்கு முடிகிறது.

அடுத்த இரவு, தேநீர் நேரம், பதினொரு பேர்.
எழுதிக்கொண்டு போன பேச்சு
சட்டைப் பையில் வியர்வையில் ஊறியிருந்தது.
"அந்த இரண்டு மணி எண் பொய். நான் எழுதினது.
இஜாஸ் நித்திரை கொள்ளேல்ல."
இன்னும் நீளமாக யோசித்திருந்தேன்.
இவ்வளவுதான் வந்தது.

விமலதாச கூரையைப் பார்த்தார்.
பெனடிக்டா கேட்டாள்: "அப்ப, அறுபது கட்டிக் காசு?"
என் சம்பளத்தில், என்றேன்.
விரல் மடக்கி எண்ணி
"நாலு மாசம்" என்றாள்,
இரக்கமில்லாமல், சரியாக.
இஜாஸ் சொன்னது இது மட்டும்:
"தேத்தண்ணி ஆறுது மிஸ்."

மன்னித்தானா, தெரியாது.
கேட்கவுமில்லை.
படகுக்காரரிடமும் போய்ச் சொன்னேன்.
ஒருவர் காறித் துப்பினார்,
கடலுக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்து ஒரு காலை
பதிவேட்டைப் புரட்டுகிறேன்.
இரண்டு மணிக் கட்டத்தில் எண் இல்லை.
பேனையை அழுத்தி எழுதியிருந்தது:
'பார்க்கவில்லை. கண் அயர்ந்துவிட்டேன்.
2.40க்குப் பார்த்தேன். இஜாஸ்.'

முதலில் கோபம் வந்தது.
மறைப்பானேன், கோபம்தான்.
அந்தக் கட்டத்தில் அப்படி எழுத
இவனுக்கு யார் இடம் கொடுத்தது என்று
கதிரையை விட்டு எழும்பிய பிறகுதான்
விடை தெரிந்தது.

செருப்பைப் போட்டுக்கொண்டு
எண்பது காலடி நடந்தேன்.
கட்டிகளைத் தட்டினேன், ஒவ்வொன்றாக.
கல்லின் சத்தம்.

திரும்பி வந்து
அவன் பெயருக்குப் பக்கத்தில்
என் பெயரை எழுதினேன்,
வாலைச் சுழிக்காமல்.